“டென்ஷன் என்னைக் கொன்றுவிடுமா, டாக்டர்?”

வாசகி ஒருவர் அனுப்பிய நீண்ட கடிதத்துக்கான பதில் இது. அவர் யாரென்று தெரிந்துவிடக் கூடாது என்பதற்காகச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். பிரச்சினையை மாற்றவில்லை.

அவருக்கு வயது 41. ஒரு நிறுவனத்தில் கணக்குப் பிரிவின் பொறுப்பாளர். மாதக் கணக்கை முடித்து, ஒவ்வொரு மாதமும் 5ஆம் தேதி இயக்குநர்கள் முன்னால் நின்று விளக்க வேண்டும். பதினேழு வருடமாக இதே துறை. இரண்டு வருடங்களுக்கு முன்பு, பக்கத்து இருக்கையில் இருந்தவர் 46 வயதில் மாரடைப்பில் இறந்துபோனார். “டென்ஷன்தான் ஆளைக் கொன்றுவிட்டது” என்று அலுவலகம் முழுக்கப் பேசிக்கொண்டார்கள். அன்றிலிருந்து இவருக்குத் தன் இதயத்தின் மேலேயே கண்.

ஸ்மார்ட் வாட்ச் ஒன்று வாங்கினார். அது நாடித்துடிப்பைக் காட்டும். ‘ஸ்ட்ரெஸ்’ என்று தனியாக ஓர் எண்ணையும் காட்டும். மாதக் கூட்டத்துக்குப் போகுமுன் கழிவறையில் நின்று, குழாய்த் தண்ணீரில் கையை நனைத்துக்கொண்டே வாட்சைப் பார்க்கிறார். “118 என்று காட்டுகிறது டாக்டர். அதைப் பார்த்ததும் 126 ஆகிவிடுகிறது” என்று எழுதியிருக்கிறார். படி ஏறினால் துடிப்பு கூடுகிறது என்பதால் மூன்றாவது மாடிக்கு லிஃப்டில்தான் போகிறார். தேடி வந்த பதவி உயர்வையும் இதயத்துக்குப் பயந்து வேண்டாம் என்று சொல்லிவிட்டார். இதய மருத்துவரிடம் இரண்டு தடவை போயாயிற்று. ஈசிஜி, எக்கோ, டிரெட்மில் எல்லாம் நார்மல். ரத்த அழுத்தமும் சரியாக இருக்கிறது.

எட்டு மாதத்துக்கு முன்பு அவர் குழுவில் ஒருவர் வேலையை விட்டுப் போனார். அந்த இடம் இன்னும் காலி. அவர் செய்த வேலையும் இப்போது இவர் தலையில். வாரத்துக்கு அறுபது மணி நேரத்தைத் தாண்டுகிறது. இரவில் ஐந்து மணி நேரம் தூங்கினால் பெரிய விஷயம். மேலாளரிடம் சொன்னதற்கு, அவர் ஒரு காணொளியை அனுப்பிவைத்தார்: ஸ்ட்ரெஸ் நம் நண்பன், பார்வையை மாற்றினால் போதும் என்பது அதன் சாரம். தோழி ஒருவர், மேடையேறும்போது வரும் படபடப்புக்கு நல்லது என்று தன்னிடமிருந்த புரொப்ரனோலால் மாத்திரையில் நான்கைக் கொடுத்திருக்கிறார். ஒன்றைப் போட்டுப் பார்த்திருக்கிறார்.

கடிதத்தின் கடைசியில், தேர்வுக்குப் படித்துக்கொண்டிருக்கும் 16 வயது மகள் கேட்ட கேள்வி இருக்கிறது: “அம்மா, எனக்கும் நெஞ்சு படபடன்னு அடிச்சுக்குது. எனக்கும் ஹார்ட் அட்டாக் வருமா?”

வேலையை விட்டுவிடட்டுமா, மேலாளர் சொல்வதுபோல் எல்லாம் என் மனப்பான்மையின் கோளாறா, அந்த மாத்திரையைத் தொடரலாமா, மகளுக்கு என்ன பதில் சொல்வது? இவைதான் அவர் கேட்டிருப்பவை.

அன்புச் சகோதரி,

உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். டென்ஷன் விஷம், ஆளைக் கொன்றுவிடும் என்று அலுவலகம் சொல்லிக்கொடுத்தது. டென்ஷன் நண்பன், உங்கள் பார்வைதான் தவறு என்று மேலாளர் சொல்கிறார். நீங்கள் இரண்டையும் நம்பிவிட்டீர்கள். அதனால்தான் படபடப்பு வந்தால் பயம் வருகிறது. பயம் வந்துவிட்டதே என்று குற்ற உணர்ச்சியும் வருகிறது. இரண்டு பேச்சிலும் பாதி உண்மை இருக்கிறது. எந்தப் பாதி எங்கே பொருந்தும் என்று பிரித்துப் பார்த்தால் நீங்கள் கேட்ட மற்றக் கேள்விகளுக்கும் வழி கிடைத்துவிடும்.

முதலில் ஒரு சொல் குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். ‘மன அழுத்தம்’ என்ற சொல்லை நாம் வேலை நெருக்கடிக்கும் சொல்கிறோம், மனச்சோர்வு நோய்க்கும் சொல்கிறோம். ‘டென்ஷன்’ என்றால் பரபரப்பு. ‘ஹைப்பர்டென்ஷன்’ என்றால் ரத்தக் கொதிப்பு. பெயர் ஒலிப்பு ஒன்றுபோல் இருப்பதால், டென்ஷனானால் பிரஷர் நோய் வந்துவிட்டது என்றே பலர் நினைத்துக்கொள்கிறார்கள். என்னிடம் வருகிறவர்களில் மிகவும் அமைதியான மனிதர்களுக்கும் ரத்தக் கொதிப்பு இருக்கிறது; எப்போதும் பரபரவென்று இருப்பவர்களில் பலருக்கு அது இல்லை. உங்களுக்கும் இல்லை. நான் கீழே ‘நெருக்கடி’ என்று எழுதுவது, கையில் ஒரு காரியம் இருந்து அது நம்மைக் கேள்வி கேட்கிற நிலையை மட்டும்தான்.

உங்கள் சக ஊழியரைப் பற்றியும் ஒரு வார்த்தை. அவர் எதனால் இறந்தார் என்பது அவரைப் பரிசோதித்த மருத்துவருக்குத்தான் தெரியும். இதயத்தின் ரத்தக் குழாய்களில் அடைப்பு பல வருடங்களாகச் சேர்கிறது. புகை, சர்க்கரை, கொழுப்பு, ரத்தக் கொதிப்பு, குடும்ப வழி என்று அதற்குக் காரணங்கள் நிறைய. நெருக்கடியும் அதில் ஒரு பங்கு வகித்திருக்கலாம். ஆனால் ‘டென்ஷன் கொன்றுவிட்டது’ என்பது துக்க வீட்டில் காரணம் தேடுகிற மனம் சொன்ன பேச்சு. அதை உங்கள் மருத்துவ அறிக்கையாக நீங்கள் இரண்டு வருடமாகச் சுமந்துகொண்டிருக்கிறீர்கள். பக்கத்து இருக்கை காலியானது உங்களை எவ்வளவு பாதித்திருக்கும் என்று நான் குறைத்துச் சொல்லவில்லை. அவருக்காக அழக்கூட உங்களுக்கு நேரம் கிடைத்ததா என்றுதான் கடிதத்தைப் படிக்கும்போது எனக்குத் தோன்றியது.

118 என்ற எண்

கூட்டத்துக்கு முன்னால் உங்கள் உடம்பில் நடப்பது இதுதான். முக்கியமான ஒன்று வருகிறது என்று மூளை கண்டுகொள்கிறது. அட்ரீனலின் என்ற ஹார்மோன் சுரக்கிறது. இதயம் வேகமாக அடித்து ரத்தத்தை அதிகம் அனுப்புகிறது. கல்லீரல் சேர்த்துவைத்த சர்க்கரையை விடுவிக்கிறது. மூச்சு வேகமாகிறது, உள்ளங்கை வியர்க்கிறது. சில நிமிடங்களில் கார்ட்டிசால் என்ற இன்னொரு ஹார்மோனும் கூடி, இந்த ஏற்பாட்டைத் தாங்கிப் பிடிக்கிறது. இவ்வளவும் உங்களுக்குச் செய்யப்படுகிற உதவி. இது எதுவுமே நடக்காவிட்டால், இயக்குநர்கள் கேட்கும் முதல் கேள்விக்கே தூங்கி எழுந்தவர்போல் விழிப்பீர்கள்.

பயிற்சி மருத்துவராக இருந்த காலத்தில், முதல் முறை அவசரப் பிரிவில் தனியாக ஒரு இரவுப் பணி. ரத்தம் நிறையப் போயிருந்த ஒருவருக்கு நரம்பில் ஊசி ஏற்ற வேண்டும். என் கை நடுங்கியது. அதை மறைக்க முழங்கையைப் படுக்கையின் கம்பியில் அழுத்திக்கொண்டேன். எதிரே நின்ற மூத்த செவிலியர் அக்கா அதைப் பார்த்துவிட்டார். “கை நடுங்கட்டும் டாக்டர். உடம்பு ரெடியாயிடுச்சு, அவ்வளவுதான். நரம்பைப் பாருங்க” என்று சொல்லி, நரம்பு புடைக்கக் கையில் கட்டியிருந்த டூர்னிகே பட்டையை இன்னும் கொஞ்சம் இறுக்கினார். நடுக்கம் நிற்கவில்லை. ஆனால் நான் நடுக்கத்தைப் பார்ப்பதை விட்டுவிட்டு நரம்பைப் பார்த்தேன், ஊசி ஏறியது. அன்று அவர் சொன்ன வார்த்தைக்குப் பின்னால் இருக்கும் உடலியலைப் பிற்பாடுதான் படித்துத் தெரிந்துகொண்டேன்.

நெருக்கடியில் இதயம் வேகமாக அடிப்பது இரண்டு விதமாக நடக்கிறது. ‘இதைச் சமாளிக்க என்னிடம் சரக்கு இருக்கிறது’ என்று மூளை முடிவு செய்தால் அது சவால். இதயம் ஒவ்வொரு துடிப்பிலும் நன்றாக ரத்தத்தைத் தள்ளுகிறது, ரத்தக் குழாய்கள் தளர்ந்து வழிவிடுகின்றன. படி ஏறும்போது, விளையாடும்போது இருக்கிற நிலைக்குப் பக்கம் அது. ‘என்னிடம் இருப்பது போதாது’ என்று முடிவு செய்தால் அது மிரட்டல். அப்போதும் இதயம் வேகமாகத்தான் அடிக்கிறது, ஆனால் குழாய்கள் இறுகிக்கொள்கின்றன. துடிப்பின் எண்ணிக்கை இரண்டிலும் ஒன்றாகவே இருக்கலாம். உங்கள் மணிக்கட்டில் இருக்கும் வாட்ச் எண்ணிக்கையை மட்டும்தான் பார்க்கிறது. நீங்கள் பயந்து நிற்கிறீர்களா, ஆவலோடு நிற்கிறீர்களா, இப்போதுதான் படி ஏறி வந்தீர்களா என்று 118 என்ற எண்ணுக்குத் தெரியாது.

இன்னொன்று. உங்கள் டிரெட்மில் பரிசோதனை அறிக்கையை எடுத்துப் பாருங்கள். 220இலிருந்து வயதைக் கழித்து, அதில் 85 விழுக்காட்டுக்காவது துடிப்பை ஏற்றிப் பார்ப்பது வழக்கம். உங்கள் வயதுக்கு அது 152 பக்கம் வரும். அந்தத் துடிப்பிலும் உங்கள் இதயத்தில் குறை தெரியவில்லை என்று மருத்துவர் எழுதிக் கொடுத்திருக்கிறார். கழிவறையில் நீங்கள் நடுங்குவது 118க்கு. உங்கள் மருத்துவர் தடை எதுவும் சொல்லாத வரை, நாளையிலிருந்து படியில் போங்கள். துடிப்பு கூடினாலும் ஒன்றும் ஆகாது என்று உடம்புக்குக் கற்றுக்கொடுக்க அதைவிடச் சுலபமான வழி எனக்குத் தெரியாது. லிஃப்டில் போகப் போக, படியைப் பற்றிய பயம்தான் வளரும். பதவி உயர்வை மறுத்ததும் அதே பயத்தின் இன்னொரு மாடி.

பார்வையை மாற்றினால் என்ன மாறும், என்ன மாறாது

நெருக்கடி என்றாலே கெடுதல் என்ற எண்ணம் எங்கிருந்து வந்தது என்று பாருங்கள். 1936இல் ஹான்ஸ் செலியே என்ற மருத்துவ விஞ்ஞானி, எலிகளைக் கடுங்குளிரிலும் காயத்திலும் ஓயாத உழைப்பிலும் வைத்தபோது அவற்றின் உடல் எப்படிக் குலைந்தது என்று ‘நேச்சர்’ இதழில் எழுதினார். ஸ்ட்ரெஸ் என்ற சொல் மருத்துவத்தில் வேர்பிடித்தது அவரால்தான். அந்த எலிகளுக்குத் தப்பிக்க வழியில்லை, ஓய்வு இல்லை. அவற்றுக்கு நேர்ந்ததை, தேர்வுக்குப் போகும் பிள்ளைக்கும் மேடை ஏறும் மனிதருக்கும் அப்படியே பொருத்தியதில்தான் பிழை. செலியேவே பிற்காலத்தில் நல்ல நெருக்கடி, கெட்ட நெருக்கடி என்று பிரித்துப் பேசினார்.

உங்கள் மேலாளர் அனுப்பிய காணொளி எந்த ஆய்வைச் சொல்லியிருக்கும் என்று என்னால் ஊகிக்க முடிகிறது. அமெரிக்காவில் 1998இல் ஏறத்தாழ 30,000 பேரிடம் இரண்டு விஷயங்கள் கேட்டார்கள்: எவ்வளவு நெருக்கடி இருக்கிறது, அது உடல்நலத்தைப் பாதிக்கிறது என்று நினைக்கிறீர்களா? பிறகு 2006 வரை யார் யார் இறந்தார்கள் என்று பார்த்தார்கள். நெருக்கடி மிக அதிகம், அது என்னை மிகவும் பாதிக்கிறது என்று சேர்த்துச் சொன்னவர்களுக்கு, சீக்கிரம் இறக்கும் வாய்ப்பு 43 விழுக்காடு கூடுதலாக இருந்தது. 2012இல் இது வெளிவந்ததும், ‘நெருக்கடி கொல்வதில்லை, கொல்லும் என்ற நம்பிக்கைதான் கொல்கிறது’ என்று உலகம் முழுக்கப் பேச ஆரம்பித்துவிட்டார்கள். ஆய்வு அப்படிச் சொல்லவில்லை. இரண்டும் சேர்ந்து இருந்தன என்று மட்டும்தான் சொன்னது. ஏற்கெனவே உடம்பு குலைய ஆரம்பித்தவர்கள், ‘இது என்னைப் பாதிக்கிறது’ என்று சரியாகவே உணர்ந்து சொல்லியிருக்கலாம் அல்லவா? பிரிட்டனில் அரசு ஊழியர்களைப் பல வருடம் பின்தொடர்ந்த ஒயிட்ஹால் ஆய்விலும் இதேபோல் ஒரு முடிவு 2013இல் வந்தது. நெருக்கடி தன் உடல்நலத்தை மிகவும் பாதிக்கிறது என்று சொன்னவர்களுக்கு மாரடைப்பு ஆபத்து கூடுதலாக இருந்தது. அதை நான் படித்துக்கொள்வது இப்படி: நோயாளி அப்படிச் சொன்னால், ‘நினைப்பை மாற்றுங்கள்’ என்று அனுப்பிவிடாமல் மருத்துவர் உட்கார்ந்து கேட்க வேண்டும்.

அப்படியானால் பார்வைக்கு வேலையே இல்லையா? நிச்சயம் இருக்கிறது. 2010இல் வந்த ஒரு சோதனை எனக்குப் பிடித்தமானது. மேற்படிப்புக்கான நுழைவுத் தேர்வு எழுதப்போகும் மாணவர்களில் ஒரு பகுதியினரிடம், ‘படபடப்பு வந்தால் கவலைப்படாதீர்கள், அது தேர்வை நன்றாக எழுத உதவக்கூடும்’ என்று சொன்னார்கள். அவ்வளவுதான். மாதிரித் தேர்வில் அவர்கள் கணக்குப் பகுதியில் மற்றவர்களைவிட அதிக மதிப்பெண் எடுத்தார்கள். பின்னால் எழுதிய உண்மையான தேர்விலும் அப்படியே. அடுத்து 2012இல் நடந்த சோதனையில், இப்படிச் சொல்லிக்கொடுக்கப்பட்டவர்களின் இதயம் திறமையாக ரத்தம் தள்ளியதையும் குழாய்கள் குறைவாக இறுகியதையும் அளந்தே காட்டினார்கள். 2014இல் ஹார்வர்டு வணிகப் பள்ளியைச் சேர்ந்த ஓர் ஆய்வாளர், பேச்சு ஒன்றைப் பேசப் போகிறவர்களை, ‘எனக்கு ஆர்வமாக இருக்கிறது’ என்று வாய்விட்டுச் சொல்லச் சொன்னார். ‘அமைதியாக இருக்கிறேன்’ என்று சொன்னவர்களைவிட அவர்கள் நன்றாகச் செய்தார்கள். இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. ஓடுகிற இதயத்தை நிறுத்தி அமைதிக்குக் கொண்டுவருவது கடினம். ஆர்வத்திலும் இதயம் ஓடத்தான் செய்கிறது. பெயரை மட்டும் மாற்றினால் போதும்.

நீங்கள் கணக்குப் பார்ப்பவர், அதனால் உங்கள் மொழியிலேயே சொல்கிறேன். உடம்பும் ஒரு கணக்குப் பார்க்கிறது. ஒரு பக்கம் கேட்கப்படுவது: கூட்டம், கேள்விகள், கெடு. மறுபக்கம் கையில் இருப்பது: அனுபவம், தயாரிப்பு, தூக்கம், கூட நிற்கும் ஆட்கள். இருப்பு அதிகம் என்றால் சவால், குறைவு என்றால் மிரட்டல். பார்வையை மாற்றுவது என்பது தப்பான பதிவைத் திருத்துவது. படபடப்பை நீங்கள் செலவில் எழுதிவைத்திருக்கிறீர்கள், அது வரவு. பதினேழு வருட அனுபவத்தை எழுதவே விட்டுவிட்டீர்கள். இவற்றைத் திருத்தினால் அன்றைய காலையில் உங்கள் உடம்பு நடந்துகொள்ளும் விதம் மாறும். ஆனால் தினமும் இரண்டு மணி நேரத் தூக்கம் குறைவதும், குழுவில் ஓர் ஆள் குறைவதும் தப்பான பதிவுகள் இல்லை. அவை உண்மையான பற்றாக்குறை. எந்தப் பார்வையாலும் அதை நிரப்ப முடியாது. இருப்பை எடுத்துக்கொண்டுவிட்டு, இருப்பு இருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள் என்று ஒரு காணொளியை அனுப்புவது நியாயமில்லை. உங்கள் மேலாளர் கெட்ட எண்ணத்தில் செய்தார் என்று நான் சொல்ல வரவில்லை. அவருக்கும் மேலிருந்து நெருக்கடி இருக்கலாம். ஆனாலும் இதில் குறை உங்கள் மனப்பான்மையில் இல்லை என்பதைத் தெளிவாக எழுதிவிடுகிறேன்.

உண்மையில் கவலைப்பட வேண்டியது

நெருக்கடி வருவதும் போவதும் உடம்புக்குப் பழக்கம். ஏறிய துடிப்பு இறங்க வேண்டும், கார்ட்டிசால் இரவில் தாழ வேண்டும், தூக்கத்தில் உடம்பு தன்னைச் சரிபார்த்துக்கொள்ள வேண்டும். மாதத்தில் ஒரு நாள் அரை மணி நேரம் 118இல் ஓடுவது உங்கள் இதயத்தைக் கெடுக்காது. எட்டு மாதமாக இறங்க நேரமே இல்லாமல் ஓடுவது கெடுக்கும். உலக சுகாதார நிறுவனமும் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பும் சேர்ந்து 2021இல் வெளியிட்ட கணக்கின்படி, வாரத்துக்கு 55 மணி நேரமோ அதற்கு மேலோ வேலை செய்பவர்களுக்கு, 35 முதல் 40 மணி நேரம் வேலை செய்பவர்களைவிடப் பக்கவாத ஆபத்து 35 விழுக்காடும், இதய நோயால் இறக்கும் ஆபத்து 17 விழுக்காடும் அதிகம். நீங்கள் அந்த எல்லையைத் தாண்டி நிற்கிறீர்கள்.

பெரியவர்களுக்கு ஏழு மணி நேரத் தூக்கமாவது தேவை. நீங்கள் படுக்கையில் கிடந்து இதய நோயைப் பற்றிப் போனில் தேடுவதாக எழுதியிருக்கிறீர்கள். அதை இன்றோடு நிறுத்துங்கள். அந்த நேரத்தில் ஒரு தாளை எடுத்து, நாளை செய்ய வேண்டிய வேலைகளை ஐந்து நிமிடம் எழுதுங்கள். 2018இல் வந்த ஓர் ஆய்வில், படுக்கும்முன் இப்படி எழுதியவர்கள், அன்று முடித்த வேலைகளை எழுதியவர்களைவிடச் சீக்கிரம் தூங்கிப்போனார்கள். தாளில் ஏறிய வேலையை மனம் திரும்பத் திரும்ப ஒப்பித்துக்கொண்டிருக்க வேண்டியதில்லை. அப்புறம், வாட்சை இரவில் கழற்றி வேறு அறையில் வையுங்கள். பகலிலும் ஸ்ட்ரெஸ் எண்ணைக் காட்டும் வசதியை அணைத்துவிடலாம்.

ரத்தசோகை, தைராய்டு பரிசோதனை செய்துகொண்டதாக நீங்கள் எழுதவில்லை. இரண்டும் படபடப்பைத் தரக்கூடியவை, உங்கள் வயதுப் பெண்களிடம் அடிக்கடி பார்க்கிறோம். எளிய ரத்தப் பரிசோதனைதான், செய்துவிடுங்கள். தூக்கம் போதாமல் காபியைக் கூட்டியிருந்தால் அதுவும் துடிப்பை ஏற்றும்.

ஒரு எச்சரிக்கை. நெஞ்சில் அழுத்துவதுபோல் வலி, அது கைக்கோ தாடைக்கோ முதுகுக்கோ பரவுவது, மூச்சு முட்டுவது, குளிர்ந்த வியர்வை, மயக்கம், இவற்றில் எது வந்தாலும் ‘டாக்டர் பயப்பட வேண்டாம் என்றாரே’ என்று உட்கார்ந்திருக்காதீர்கள். பழைய ரிப்போர்ட் நார்மல் என்பதும் அன்றைக்குப் பதிலாகாது. உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

வேலையை விடலாமா?

விடலாம், அது உங்கள் உரிமை. ஆனால் இதயத்துக்குப் பயந்து விடுவது ஒன்று, நியாயமில்லாத சுமைக்காக விடுவது வேறு. பயத்தினால் விட்டால், அந்தப் பயம் அடுத்த வேலைக்கும் உங்கள் கூடவே வரும். நாளை ஓர் உறவினர் கல்யாணத்தில் நாலு பேர் முன்னால் பேச வேண்டி வந்தாலும் வாட்சைப் பார்ப்பீர்கள். தூக்கம் கெட்டிருக்கும்போது பெரிய முடிவு எடுப்பதும் நல்லதில்லை. மூன்று மாதம் என்று ஒரு கெடு வைத்துக்கொள்ளுங்கள்.

அந்த மூன்று மாதத்தில் முதலில் மேலாளரிடம் மறுபடி பேசுங்கள். போன முறை என்ன சொன்னீர்கள்? “ரொம்ப டென்ஷனாக இருக்கிறது” என்று சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். அதற்குக் காணொளிதான் பதிலாக வரும். இந்த முறை கணக்கோடு போங்கள். போனவர் செய்த வேலைகள் எவை, ஒவ்வொன்றுக்கும் வாரத்தில் எத்தனை மணி நேரம், அதனால் எந்த வேலை தாமதமாகிறது, எந்த இடத்தில் தவறு நேரும் ஆபத்து இருக்கிறது. ஒரே பக்கம் போதும். பிறகு இரண்டு கேள்விகள்: அந்த இடத்துக்கு ஆள் எப்போது வரும்? அதுவரை இந்தப் பட்டியலில் எந்த இரண்டை நிறுத்திவைக்கலாம்? பேசியதைச் சுருக்கமாக மின்னஞ்சலில் எழுதி அனுப்புங்கள். எழுத்தில் இருந்தால்தான் மனிதவளப் பிரிவுக்குப் போகவும், தேவைப்பட்டால் தொழிலாளர் சட்டம் தெரிந்த வழக்கறிஞரிடம் காட்டவும் உதவும். வேலை நேரம், கூடுதல் நேர ஊதியம், விடுப்பு பற்றிய விதிகள் இடத்துக்கு இடம், பதவிக்குப் பதவி மாறும். உங்களுக்கு எவை பொருந்தும் என்று அவரிடம் கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது.

இதில் ஆபத்து இல்லாமல் இல்லை. மேலாளர் முகம் சுளிக்கலாம், ‘இவரால் சமாளிக்க முடியவில்லை’ என்று பெயர் வரலாம். ஆனால் பேசாமல் இருந்தாலும் ஆபத்து இருக்கிறது, அதை உங்கள் உடம்புதான் தாங்குகிறது. மூன்று மாதத்தில் ஆளும் வரவில்லை, வேலையும் குறையவில்லை என்றால் வேறு இடம் தேடுங்கள். கையில் ஒரு வேலையை உறுதி செய்துகொண்டு, தலை நிமிர்ந்து போகலாம். மறுத்த பதவி உயர்வைப் பற்றி இப்போது யோசிக்க வேண்டாம். நன்றாகத் தூங்க ஆரம்பித்த பிறகு, அந்த வேலை உங்களுக்குப் பிடிக்குமா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்.

வாட்ச் பார்ப்பதும் தேடிப் படிப்பதும் ஒரு மாதத்தில் உங்களால் குறைக்க முடியவில்லை என்றால், உளவியல் நிபுணர் ஒருவரைப் பாருங்கள். உடல்நலத்தைப் பற்றிய அச்சத்துக்கு எண்ணங்களையும் பழக்கங்களையும் சேர்த்துத் திருத்தும் சிகிச்சை நன்றாக வேலை செய்கிறது. எதிலும் பிடிப்பில்லாமல் இரண்டு வாரத்துக்கு மேல் மனம் கனத்துக் கிடந்தாலோ, வாழவே வேண்டாம் என்று ஒரு நொடி தோன்றினாலோ, காத்திருக்காமல் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

அந்த மாத்திரை

மீதி மூன்றையும் தோழியிடம் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். புரொப்ரனோலால் நல்ல மருந்துதான், மேடைப் படபடப்புக்கு மருத்துவர்கள் சிலருக்கு எழுதிக்கொடுப்பதும் உண்டு. ஆனால் ஆஸ்துமா இருப்பவர்களுக்கு மூச்சை இறுக்கிவிடும். ஏற்கெனவே துடிப்போ ரத்த அழுத்தமோ குறைவாக இருப்பவர்களுக்கு ஆகாது. இன்சுலின் போடுபவர்களுக்குச் சர்க்கரை தாழ்வதன் அறிகுறியை மறைத்துவிடும். உங்களுக்கு ஏற்றதா என்று ஒரு மருத்துவர் பார்த்துத்தான் சொல்ல வேண்டும்.

மகளிடம் என்ன சொல்ல?

பிள்ளைகள் நாம் சொல்வதைவிட நம் மணிக்கட்டைத்தான் பார்க்கிறார்கள். உங்கள் மகள் இரண்டு வருடமாக, இதயம் வேகமாக அடித்தால் அம்மா பயப்படுகிறாள் என்று பார்த்துக் கற்றிருக்கிறாள். அவளை உட்காரவைத்துச் சொல்லுங்கள்: “இல்லம்மா, வராது. உனக்கு இது முக்கியம்னு உடம்புக்குத் தெரிஞ்சிருக்கு, அதான் வேகமா அடிச்சு மூளைக்கு ரத்தம் அனுப்புது. எனக்கும் மீட்டிங்குக்கு முன்னாடி அப்படித்தான் இருக்கு. நான்தான் இவ்வளவு நாளா அதைத் தப்பா நினைச்சுட்டேன்.” அந்தக் கடைசி வாக்கியத்தை விட்டுவிடாதீர்கள். 2022இல் ‘நேச்சர்’ இதழில் வந்த ஓர் ஆய்வில், நாலாயிரத்துக்கும் மேற்பட்ட மாணவர்களைக் கொண்டு இதைச் சோதித்தார்கள். திறமை வளரக்கூடியது, படபடப்பு உதவக்கூடியது என்ற இரண்டையும் அரை மணி நேரம் கணினி வழியே சொல்லிக்கொடுத்ததில் பலன் தெரிந்தது. வீட்டில் அம்மா சொல்வதற்கும் நல்ல பலன் இருக்கும் என்றே நான் நம்புகிறேன். அவள் எத்தனை மணிக்குத் தூங்குகிறாள் என்றும் பாருங்கள். படிப்பைக் காரணம் காட்டி அவளும் ஐந்து மணி நேரத்தில் நிற்கக் கூடாது.

அடுத்த 5ஆம் தேதிக்கு ஒரு சின்னத் திட்டம். முந்தின நாள், இயக்குநர்கள் கேட்கக்கூடிய மூன்று கேள்விகளுக்கு வாய்விட்டுப் பதில் சொல்லிப் பாருங்கள். இரவு நேரத்தோடு படுத்துவிடுங்கள். காலையில் வாட்சை மேசை இழுப்பறையில் போட்டுவிட்டு, மூன்றாவது மாடிக்குப் படியில் ஏறிப் போங்கள். அறைக்கு வெளியே மூச்சை மெதுவாக உள்ளே இழுத்து, அதைவிட மெதுவாக வெளியே விடுங்கள், ஐந்தாறு முறை. இதயம் அடிக்கட்டும். “வந்துவிட்டாயா, சரி, வா போகலாம்” என்று அதனிடம் சொல்லிவிட்டு உள்ளே போங்கள். குரல் முதல் இரண்டு வாக்கியத்துக்கு நடுங்கினாலும் நடுங்கட்டும், மூன்றாவது வாக்கியத்தில் எண்கள் வந்துவிடும். எண்கள் உங்களுக்குத் தெரிந்தவை.

கூட்டம் முடிந்ததும் எனக்கு ஒரு வரி எழுதுங்கள். அன்று துடிப்பு எவ்வளவு ஏறியது என்று வேண்டாம். அன்றிரவு எத்தனை மணிக்குப் படுத்தீர்கள், எத்தனை மணிக்கு எழுந்தீர்கள் என்று மட்டும் எழுதுங்கள்.